புதிய மகிழுந்தா, அதன் பழைய அண்ணனா?



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையோர உணவகம் ஒன்றில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தேன். "ஐயா, என்னை நினைவிருக்கிறதா?" என்று கேட்டபடி எதிரில் வந்தமர்ந்தான் ஓர் இளைஞன். நினைவில்லாமல் என்ன? 2007ஆம் ஆண்டு நான்காம் வகுப்பில் வாய்பாட்டை என் முன்னே தலைகீழாக ஒப்பித்த பிள்ளை. இன்று அவனுக்கு 28 வயது. பெட்டாலிங் ஜெயாவில் பொறியாளன். பிடித்தம் போக மாதம் 5,800 ரிங்கிட் கைக்கு வருகிறதாம். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

நலம் விசாரித்த பின் கைப்பேசியை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினான். இரண்டும் சிவப்பு நிறம். இரண்டும் தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடக்கும் இருகதவு மகிழுந்துகள். ஒன்று, 2022ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் அறிமுகமான டொயோட்டா ஜிஆர்86. மற்றொன்று அதற்கு முந்திய தலைமுறையான டொயோட்டா 86. 2013ஆம் ஆண்டில் பதிவானது, கிள்ளானில் ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் நிற்கிறது. "புதுசா, பழசா? நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றான்.

ஏன் என்னிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் அப்போது பள்ளிக்கு ஓட்டி வந்த வண்டியை அவன் இன்னும் மறக்கவில்லை. அதனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டுமெனில், பழையதே என்பது என் கருத்து. 'பழையது மலிவு, ஆகவே பழையது' என்று சொல்ல வரவில்லை. அப்படியானால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை.

முதலில் புதியவனுக்கு உரிய மதிப்பைக் கொடுத்து விடுவோம். பழைய 86இன் இயந்திரம் 1,998 சிசி, 200 குதிரைத்திறன். அதன் முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். அதுவும் இயந்திரம் நிமிடத்திற்கு 6,400 சுற்றுகளைத் தாண்டிய பிறகுதான் முழுமையாகக் கிடைக்கும். இடையில் நாலாயிரம் சுற்றுகளை ஒட்டி ஒரு தொய்வு வேறு. புதிய ஜிஆர்86 அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது: 2,387 சிசி, ஏறக்குறைய 235 குதிரைத்திறன், 3,700 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர். எடையோ பெரிதாகக் கூடவில்லை. உடற்கட்டும் முன்னதைவிட உறுதியானது. ஓட்டிப் பார்த்த எவரும் பழையதே சிறந்த வண்டி என்று வாதாட மாட்டார். ஆக, எது நல்ல வண்டி என்பதில் ஐயமே இல்லை. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

இனி என் கதை.

2006ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தந்தையார் தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்த பின் வாங்கிய ஒரே மகிழுந்து, பலர் கைமாறி வந்த டாட்சன் 120ஒய். அதனைத் தள்ளித் தள்ளியே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆகவே 'புதுக் காடி' என்ற சொல்லுக்கே எங்கள் வீட்டில் ஒரு மணம் உண்டு. அந்த ஆண்டு ஜூன் மாதம் புரோட்டோன் நிறுவனம் சத்ரியா நியோ என்ற மூன்று கதவு வண்டியை வெளியிட்டது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு!

ஆனால் அந்த நியோவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். 1998இல் வெளிவந்த சத்ரியா ஜிடிஐ. மிட்சுபிசியின் 1,834 சிசி இயந்திரம், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். 1996இல் புரோட்டோன் வசமான பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் அதன் சாலைப் பிடிப்பைச் செதுக்கித் தந்தது. அந்நாளில் நம் இளைஞர்கள் அதன் பின்புறத்தைக் கண்டாலே வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் வண்டியோட்டி உலக ரேலி போட்டியின் உற்பத்தி வாகனப் பிரிவில் வாகை சூடியிருந்த காலம் அது. உள்ளூர் வண்டி என்றால் இளக்காரம் என்ற எண்ணம் சற்றே மாறியிருந்தது. நியோவின் 1.6 லிட்டர் கேம்புரோ இயந்திரமோ 110 குதிரைத்திறனை ஒட்டியது. தம்பி அழகன், அண்ணன் பலசாலி. 2009இல் 125 குதிரைத்திறனோடு சிபிஎஸ் வகை வந்த பிறகுதான் தம்பிக்குக் கொஞ்சம் சதை போட்டது.

பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் 2000ஆம் ஆண்டு ஜிடிஐ ஒன்றை 38 ஆயிரம் ரிங்கிட்டுக்கு வாங்கினார். நான் 50 ஆயிரம் ரிங்கிட்டுக்குப் புதிய நியோவை எடுத்தேன். ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலில் இருவரும் ஒரே நாளில் வண்டிப் பூசை போட்டோம். இரண்டு வண்டிக்கும் நான்கு நான்கு எலுமிச்சம் பழங்கள்தாம். அங்கே புதியது பழையது என்ற பேதமில்லை!

இப்போது கணக்கு. வாய்பாடு சொல்லித் தரும் ஆசிரியன், அன்று இந்தக் கணக்கைப் போடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் முன்பணம் 5 ஆயிரம். கடன் 45 ஆயிரம். நிலை வட்டி 4 விழுக்காடு, ஒன்பது ஆண்டுகள். மொத்த வட்டி 16,200 ரிங்கிட். மாதத் தவணை 567. நண்பரின் முன்பணம் 8 ஆயிரம். கடன் 30 ஆயிரம். பழைய வண்டி என்பதால் வட்டி 5 விழுக்காடு; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வங்கி கொடுக்கவில்லை. மாதத் தவணை 625.

கவனித்தீர்களா? விலை குறைந்த வண்டிக்கு மாதத் தவணை கூடுதல். விலை கூடிய வண்டிக்குத் தவணை குறைவு! "பார்த்தாயா, புதிய வண்டி எடுத்தும் உன்னைவிட நான் குறைவாகத்தான் கட்டுகிறேன்" என்று நண்பரிடம் பெருமையடித்துக் கொண்டவன் நான். விற்பனையாளர் விலையைப் பேசாமல் தவணையை மட்டுமே ஏன் பேசுகிறார் என்பது புரிய எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

நண்பர் முதல் ஆண்டிலேயே டைமிங் பெல்ட், கிளட்ச், நான்கு அப்சோபர்கள், இயந்திரத் தாங்கிகள் என்று ஐயாயிரத்து ஐந்நூறு ரிங்கிட் செலவழித்தார். சாலை வரி எனக்கு 90 ரிங்கிட், அவருக்கு 297. 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.92இலிருந்து ஒரே இரவில் 2.70 ரிங்கிட் ஆனபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்து 2011இல் அவ்வண்டியை 24 ஆயிரத்துக்கு விற்றார். கடனும் வட்டியும் பழுதும் கூட்டி, விற்ற தொகையைக் கழித்தால், ஐந்தாண்டுக்கு அவருக்கு ஆன செலவு 27 ஆயிரம். ஆண்டுக்கு 5,400. நான் ஒன்பது ஆண்டு கட்டிய பின், 2016இல் 14 ஆயிரத்துக்கு விற்றேன். எனக்கு ஆனது 52,200. பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 5,220. பெட்ரோலையும் சாலை வரியையும் சேர்த்தால் அவர்தாம் கூடுதலாகச் செலவழித்திருப்பார்.

ஆகவே, பழையது வாங்கியவர் பணத்தை மிச்சம் பிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மிச்சம் பிடித்தது வேறொன்று.

2010இல் எனக்குக் குழந்தை பிறந்தது. மூன்று கதவு வண்டியின் பின்னிருக்கையில் குழந்தை நாற்காலியை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இடுப்பு என்ற உறுப்பு இருப்பது அப்போது தெரியும். நான்கு கதவு வண்டிக்கு மாறலாம் என்று வங்கியில் பாக்கித் தொகையைக் கேட்டேன். நான்கு ஆண்டுகளில், அதாவது 48 தவணைகளில், 27,200 ரிங்கிட் கட்டியிருக்கிறேன். வாங்கிய கடன் 45 ஆயிரம். பாக்கி எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 28,960 ரிங்கிட்! நான்காண்டு கட்டியதில் அசல் குறைந்தது பதினாறாயிரம் மட்டுமே. '78 விதி' என்று ஒன்று. அன்றைய வாடகைக் கொள்முதலில் வட்டியின் பெரும்பங்கை முன் ஆண்டுகளிலேயே எடுத்துக் கொள்ளும் முறை அது. வண்டிக்குக் கடைக்காரர் தரச் சம்மதித்ததோ 25 ஆயிரம். கையிலிருந்து நாலாயிரம் போட்டால்தான் என் வண்டியை நானே விற்க முடியும் என்ற நிலை. கைக்குழந்தைக்காரனிடம் ஏது நாலாயிரம்? 2015 செப்டம்பர் வரை கட்டினேன். அதற்குள் அந்தக் குழந்தை மழலையர் பள்ளிக்கே போய்விட்டது.

நண்பர் 2011இல் விடுதலையாகி, வேண்டிய வண்டிக்கு மாறினார். என் நியோவை நான் நேசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை நாளில் கூட்டரசு நெடுஞ்சாலை வளைவுகளில் அது தரையைக் கவ்விப் போகும் அழகு இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. குறை வண்டியில் இல்லை. 26 வயதில் இருந்தவன், 35 வயதில் இருக்கப் போகிறவனின் சம்பளத்தை அவனைக் கேட்காமலே எழுதிக் கொடுத்து விட்டான்.

மாணவன் கதைக்கு வருவோம். புதிய ஜிஆர்86 அறிமுகமானபோதே விலை மூன்று இலட்சம் ரிங்கிட்டை ஒட்டியிருந்தது. விற்பனையாளர் ஒருவர் 2 இலட்சத்து 95 ஆயிரம் என்று வைத்து, பத்து விழுக்காடு முன்பணத்தோடு, ஒன்பது ஆண்டுக்கு மாதம் 3,122 ரிங்கிட் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முன்பணத்தையும் சேர்த்தால் மொத்தம் 3 இலட்சத்து 66 ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். கைக்கு வரும் சம்பளம் 5,800. பாதிக்கு மேல் நான்கு சக்கரத்திற்குப் போய்விடும். காப்புறுதி தனி. சாலை வரி 767 ரிங்கிட், பழையதற்கு 379. 2,000 சிசியைத் தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு ரிங்கிட் கூடிக்கொண்டே போகும் என்பது நம் சாலை வரியின் கணக்கு.

"வங்கி ஒத்துக்கொள்ளுமா தம்பி?" என்றேன். சற்றுத் தயங்கினான். "அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்று அவர் சொன்னார் ஐயா. அம்மாவும் சரி என்றுவிட்டார்."

தேநீர் அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த அம்மையாரை எனக்குத் தெரியும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனக் கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நிற்பவர் 'சமூக உத்தரவாதி'. அவரை நொடித்தவராக அறிவிக்க இயலாது. இது பெரிய ஆறுதல். ஆனால் நொடித்தவராக்க முடியாது என்பதால், கடனையே கேட்க மாட்டார்கள் என்று பொருளில்லை. வழக்கறிஞர் கடிதம் அவர் வீட்டுக்கு வரும். நீதிமன்ற அழைப்பாணையும் வரலாம். அதைப் பிரித்துப் படித்துக் காட்டும்படி யாரைக் கேட்பார்?

இன்னொன்றையும் சொன்னேன். வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வண்டியை இழுத்துச் செல்லலாம். வண்டியின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால்தான் நீதிமன்ற ஆணை வேண்டும். ஒன்பதாண்டுக் கடனில் அந்த 75 விழுக்காட்டைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அது நம் வண்டி அன்று. நாம் கழுவித் துடைத்து வைத்திருக்கும் வங்கியின் வண்டி.

பழைய 86க்குக் கேட்ட விலை 1 இலட்சத்து 15 ஆயிரம். அவன் கையில் 45 ஆயிரம் சேமிப்பு இருக்கிறது. 35 ஆயிரத்தை முன்பணமாகக் கட்டி, மீதி 80 ஆயிரத்தை நிலை வட்டி 4 விழுக்காட்டில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதம் 1,600. ஜாமீன் தேவைப்படாது. எஞ்சிய பத்தாயிரம்? அதைத் தொடக்கூடாது என்றேன். அது வண்டி விலையின் ஒரு பகுதி. பழைய வண்டி வாங்குகிறவன் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. வந்த முதலாண்டில் அது தன் பாக்கியைக் கேட்கும், என் நண்பரின் ஜிடிஐ கேட்டது போல.

"பழசு என்றால் ஏமாற்றி விடுவார்களே ஐயா?" என்றான். உண்மைதான். ஜிடிஐ புகழோடு இருந்த நாள்களில் சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ உடுப்பை மாட்டி, 'ஆப்கட்' என்று ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டியின் இயந்திரத்தைப் பொருத்தி விற்றவர்கள் இருந்தார்கள். கிரானில் உள்ள இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. பெயர் மாற்றத்திற்குப் புஷ்பகோம் பி5 சோதனை உண்டு. அது வண்டியின் அடையாளத்தைப் பார்க்குமே தவிர, இயந்திரத்தின் ஆயுளைச் சொல்லாது. பலர் அந்தத் தாளையே மருத்துவச் சான்றிதழாக எண்ணிக்கொள்கிறார்கள்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் நாள் பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டின் கீழ்த்தளமே மூழ்கியபோது வாசலில் நின்ற வண்டிகள் என்னவாகியிருக்கும்? அவற்றுள் சில துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்க்க வேண்டும். சேற்றுக் கறை அதன் அடிப்பகுதியில்தான் ஒளிந்திருக்கும். கம்பளத்தைத் தூக்கி, இருக்கையின் அடியில் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கார் வாசனைத் தைலம் அளவுக்கு மீறி மணந்தால் கூடுதல் ஐயம் கொள்ளுங்கள்!

86க்கு மட்டும் உரிய ஒன்று: 2012, 2013 காலத்தில் தயாரான வண்டிகளின் இயந்திர வால்வு சுருள்வில்லை மாற்றித் தருவதற்காக 2018 நவம்பரில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அவன் பார்த்து வைத்திருப்பது 2013ஆம் ஆண்டு வண்டி. அது அந்தத் தொகுதியில் சேர்ந்ததா, சேர்ந்தது எனில் வேலை முடிந்ததா, முடித்தவர் யார் என்று அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துக் கேட்டாக வேண்டும். அது சிறிய வேலையன்று. இயந்திரத்தையே வெளியே எடுத்துப் பிரித்துக் கோக்கும் வேலை. ஜப்பானிலிருந்து ரீகொன்னாக வந்த வண்டியா, இங்கேயே புதிதாக விற்ற வண்டியா என்பதையும் கேட்க வேண்டும். முதல் வகையெனில் அங்கு நடந்த ஏலத்தின் தாளைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பேசாமல் புதியதை வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வருமானம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். அவர்கள் புதிதாக வாங்கினால்தான் பத்தாண்டு கழித்து நம் பிள்ளைகளுக்குப் பழையது கிடைக்கும்! உத்தரவாதம், மன நிம்மதி என்று அவர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகிறவனுக்கு எந்த நிம்மதியை எந்த உத்தரவாதம் தரும்? வேலை போனால் அந்த உத்தரவாதப் புத்தகத்தை வைத்து என்ன செய்வான்? ஸ்போர்ட்ஸ் காரே எதற்கு, ஒரு மைவி போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 28 வயதில் ஓர் இளைஞன் தன் உழைப்பில் ஓர் அழகிய பொருளை விரும்புவது குற்றமன்று. நம் பிள்ளைகள் எதை விரும்பினாலும் 'உனக்கெதற்கு?' என்று கேட்டே பழகிவிட்டோம். ஆசையை விடச் சொல்லி நான் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த ஆசைக்கு அம்மாவின் கையெழுத்தை வாங்காதே என்றுதான் சொன்னேன்.

அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "உங்கள் நியோவை ஏன் ஐயா விற்றீர்கள்? நான் வாங்கியிருப்பேனே!" என்றான். சிரித்து விட்டேன். 2016இல் அவனுக்கு உரிமமே கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

நேற்று மாலை அழைத்திருந்தான். இன்னும் முன்பணம் எதுவும் கொடுக்கவில்லையாம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தச் சிவப்பு வண்டியைக் கிள்ளானில் நமக்குத் தெரிந்த பட்டறையில் தூக்கிப் பார்க்க விற்பனையாளர் சம்மதித்திருக்கிறார். பட்டறைக்காரருக்கு 200 ரிங்கிட் கொடுத்தால் போதும். நானும் போகிறேன். "அம்மாவும் வருகிறேன் என்கிறார் ஐயா, கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சொன்ன பிறகும்" என்றான். வரட்டும். பின்னிருக்கையில் ஏறி உட்கார முடிகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.